தாயின் கணக்கும் பள்ளிக்கூடத்தின் கணக்கும்

ஆந்திர அரசு 2025 ஜூன் 12 அன்று தொடங்கிய ‘தல்லிக்கி வந்தனம்’ (தாய்க்கு வணக்கம்) திட்டத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு (பன்னிரண்டாம் வகுப்பு) வரை படிக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதில் 13,000 ரூபாய் தாயின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. மீதி 2,000 ரூபாய், பள்ளிப் பராமரிப்புக்கு ஓராயிரம், கழிப்பறைப் பராமரிப்புக்கு ஓராயிரம் என்று பிடித்துக்கொள்ளப்படுகிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். ஆகவே என் கணக்கில் 26,000 ரூபாய் வந்தது. அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்ட தாயாகவும், மகன் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் இருப்பவளாகவும், என் மனத்தில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே எழுதி வைக்கிறேன். என் கணக்குக்கு வரும் பணத்தைக் கொண்டு என் பிள்ளைக்கு நான் செய்துகொள்ள முடியாதவை எவை? அவற்றுக்கு அரசு எவ்வளவு வைத்திருக்கிறது?

வந்த பணத்தின் அருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் ஊர் விசைத்தறி ஊர். நூல் விலை ஏறிவிட்டால் முதலாளிகள் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கொடுப்பதைக் குறைத்துவிடுவார்கள். தறி நின்றுவிட்டால் கூலியும் நின்றுவிடும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அப்படித் தறி நின்றுபோனால், பிள்ளையின் செலவுக்கு வட்டிக்குக் கை நீட்டுவதைத் தவிர எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு முன்பெல்லாம் வேறு வழி இருந்ததில்லை. இந்த முறை வந்த பணத்தில் மகளின் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கினோம். பலகையில் எழுதியிருப்பது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது பின்வரிசையில் உட்கார்ந்தாலும் தானே பார்த்து எழுதுகிறாள். ஒரு பகுதி பாவு நூல் கடனுக்கும் போயிற்று. அதில் தவறேதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. தறி ஓடினால்தான் பிள்ளை படிக்க முடியும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததே.

எங்கள் தெருவில் பாவு பிணைக்கும் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னது இது: “பணம் வரலன்னா பத்தாவது முடிச்சதும் பெரியவளத் தறிக்குத்தாம்மா கூட்டிட்டு வந்திருப்பேன். இப்ப அவங்கப்பாவே காலையில எழுப்பி காலேஜுக்கு அனுப்புறாரு.” இத்திட்டத்தின் முன்வடிவமான ‘அம்ம ஒடி’ காலத்திலேயே விதித்த 75 சதவீத வருகை நிபந்தனை எத்தனையோ தகப்பன்மாரின் பழக்கத்தை மாற்றியிருக்கிறது. அதே சமயம், மாதச் சராசரி மின்நுகர்வு 300 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்ற தகுதி விதியால், ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி மூன்று குடும்பங்களும் வாழும் வீடுகளில் தகுதியான தாய்மார் விடுபட்டுப்போய், சச்சிவாலயம் என்ற ஊர்ச் செயலகத்துக்கு நடையாய் நடப்பதையும் பார்க்கிறேன். அந்த விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

அந்த ‘அம்ம ஒடி’யை 2020 ஜனவரி 9 அன்று எங்கள் சித்தூரில்தான் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி தொடங்கிவைத்தார். அதில் ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை என்பது கணக்கு. இப்போது வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. ஆட்சி மாறியபோது திட்டம் நின்றுவிடாமல் விரிவடைந்ததை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன். முதலாண்டுக்குப் பின் கழிப்பறைக்கென 1,000 ரூபாயும், அடுத்துப் பள்ளிப் பராமரிப்புக்கென இன்னொரு 1,000 ரூபாயும் பிடிக்கத் தொடங்கினார்கள். தாய்மாரில் பலர் இந்தப் பிடித்தத்தைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. வரும் 15,000-இல் பள்ளிக்கூடம் என்ற பொதுச்சொத்துக்குப் போய்ச் சேரும் பங்கு அந்த 2,000 மட்டுமே. அதனால் அதைக் குறைக்கச் சொல்லாமல், அது எங்கே போய் என்னவாக மாறியது என்பதைப் பள்ளிச் சுவரிலேயே எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

அரசு வெளியிட்ட கணக்கின்படி, முதல் தவணையில் 67 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்காகத் தாய்மாரின் கணக்குகளுக்குப் போன தொகை 8,745 கோடி ரூபாய். பராமரிப்புக்கென ஒதுக்கியது 1,346 கோடி. கோடிகளில் சொன்னால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. ஒரு பள்ளியின் அளவுக்கு இறக்கிப் பார்த்தால்தான் விளங்குகிறது. தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். என் மகனின் பள்ளி ஏறக்குறைய அந்த அளவுதான். அங்கே படிக்கும் அத்தனை பிள்ளைகளின் தாய்மாருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 11,70,000 ரூபாய் போகிறது. அந்தப் பிள்ளைகளின் பெயரால் பிடிக்கப்படுவது 1,80,000 ரூபாய். மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்ளும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில், 31 முதல் 100 பிள்ளைகள் வரையுள்ள அத்தகைய பள்ளிக்கு ஓராண்டுக்கான தொகுப்பு மானியம் 25,000 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், உடைந்த குழாய், கழன்ற கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அந்த 25,000-க்குள் அடக்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு வைக்க வேண்டும். ஆசிரியர் சம்பளம் தனி. பள்ளிக் கல்விச் செலவில் பெரும்பகுதி அதுதான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் தலைமையாசிரியர் தம் கையால் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் எவ்வளவு என்று கேட்டால், தாய்மார் வீட்டுக்குக் கொண்டுபோனதில் ஏறக்குறைய நாற்பத்தேழில் ஒரு பங்குதான்.

என்னிடம் 13,000 ரூபாய் இருக்கிறது என்பதற்காக ஓர் ஆசிரியரில் தொண்ணூறில் ஒரு பங்கை நான் கடையில் வாங்கிவர முடியாது. சுற்றுச்சுவரில் ஒரு முழத்தை மட்டும் என் மகனுக்காக எழுப்பவும் முடியாது. நோட்டு, பை, கண்ணாடி, சைக்கிள் இவை போன்றவற்றைக் கையில் காசு இருந்தால் எந்தத் தாயும் வாங்கிக்கொள்வாள். ஒரு குடும்பம் தனியாக எவ்வளவு முயன்றாலும் பெற முடியாதவை சில உண்டு; பொதுப்பணம் முதலில் போக வேண்டிய இடம் அவைதாம் என்பது என் உறுதியான கருத்து. மதிய உணவையே பாருங்கள். 2025 மே 1 முதல் மத்திய நெறிப்படி தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்குச் சமையல் பொருள்களுக்கு நாளொன்றுக்கு 6.78 ரூபாய்தான். அது போதாது என்பதைச் சமைக்கும் பெண்களைக் கேட்டாலே தெரியும். ஆனாலும் பல பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சமைப்பதால் அந்தப் பணத்தில் ஒரு சாம்பாராவது கொதிக்கிறது. அதே 6.78 ரூபாயை என் கையில் கொடுத்தால் ஒரு பிள்ளைக்குக் குழம்பு வைக்க முடியாது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 14 அன்று ஓங்கோலில் தொடங்கிய ‘நாடு-நேடு’ (அன்று-இன்று) என்ற பள்ளிச் சீரமைப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஓடும் நீருடன் கழிப்பறை, குடிநீர், மேசை நாற்காலி, பச்சைப் பலகை, மின்விசிறி, வண்ணம் என்று வேலைகள் நடந்தன. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பணம் பெற்றோர் குழுவின் கணக்குக்கே வந்ததும், குழுவே பொருள் வாங்கி வேலையைப் பார்த்ததும்தான். சிமெண்டு மூட்டையை எண்ணி இறக்கியவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரே. அடுத்த கட்டத்தில் பல பள்ளிகளில் வேலை பாதியில் நின்றுபோயிற்று. என் மகனின் பள்ளியில் கூடுதல் வகுப்பறை ஒன்று ஜன்னல் மட்டத்துக்கு மேல் எழும்பி, கூரை போடாமல் நிற்கிறது. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் துரு ஏறி, மழை பெய்தால் சுவரில் செந்நிறக் கோடாக வழிகிறது. இடைவேளையில் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடிவிடாமல் இருக்க, கழிவு நூலைத் திரித்துக் கயிறாக்கி நாங்களே குறுக்கே கட்டி வைத்திருக்கிறோம். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், முதுகோடு முதுகு பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. கூரை போட எவ்வளவு ஆகும் என்று ஊர் மேஸ்திரியைக் கேட்டோம். அவர் சொன்ன தொகை, தொண்ணூறு பிள்ளைகளின் பெயரால் இரண்டு ஆண்டுகளில் பிடிக்கப்படும் பணத்துக்குள் அடங்கிவிடும்.

ஆசிரியர் பற்றாக்குறை இதைவிடக் கடினமானது. எங்கள் பள்ளியில் தமிழ்வழி இடைநிலை ஆசிரியர் ஓய்வுபெற்ற பின் அந்த இடம் நிரம்பவில்லை. தெலுங்குவழி ஆசிரியை ஒருவர் அன்போடு இரண்டு பிரிவையும் பார்த்துக்கொள்கிறார். ஆனால் தெலுங்கைப் போலக் கூட்டெழுத்து இல்லாத தமிழைப் படிக்கும் பிள்ளை எங்கே, ஏன் தடுமாறுகிறான் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. தெலுங்கு எங்களுக்கு அயல்மொழியன்று. கடைவீதியிலும் கோயிலிலும் பேசும் மொழி, என் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று நான் விரும்பும் மொழி. ஆயினும் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதியைச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தித் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. 2025-இல் 16,347 பணியிடங்களுக்கு மெகா டி.எஸ்.சி. என்ற ஆசிரியர் தேர்வு நடந்தபோது, எங்களைப் போன்ற சிறு பள்ளிகளின் பெற்றோர் எத்தனை ஆவலோடு காத்திருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். தமிழ்வழி இடம் ஒன்று நிரம்பாமல் கிடந்தால் பிள்ளைகள் தெலுங்குவழிக்கோ தனியார் ஆங்கிலவழிக்கோ போய்விடுகிறார்கள்; அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைவு என்று சொல்லி அந்த இடத்தையே எடுத்துவிட வழி பிறக்கிறது.

தல்லிக்கி வந்தனம் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் உண்டு. கடன் வாங்கித் தனியாரில் சேர்த்த கூலிக்காரத் தாய்க்கு அந்த 13,000 கிடைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவளும் என்னைப் போன்றவள்தான். ஆனால் அந்தப் பணம் வந்த கையோடு கட்டணமாகப் போய்விடுகிறது. அரசுப் பள்ளி பாதிக் கட்டடத்தோடு நிற்கையில் பொதுப்பணமே மஞ்சள் வேனுக்கு டீசலாகிறது என்பதையும் ஆட்சியில் இருப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவர் பெயரிலும் இன்னும் 2,000 ரூபாயை நேராக அந்தந்தப் பள்ளியின் கணக்கில் சேர்த்தால், தொண்ணூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அது 1,80,000 ரூபாய். மேஸ்திரி சொன்ன கூரைச் செலவில் பாதி அதிலேயே வந்துவிடும்.

என் பிறந்த வீடு பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நகரி ஆந்திரத்தில் நின்றது. அதனால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு அரசுகளின் வரவுசெலவில் வளர்கிறார்கள். அங்கே, தமிழ்நாட்டில், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. “உங்க கையில 26,000 வருது, எங்களுக்கு உப்புமாதானே வருது” என்று அண்ணி சொன்னபோது, “அண்ணி, விடியற்காலையில தறிக்குப் போற எனக்கு அந்த உப்புமாவோட அருமை தெரியும்” என்றேன். அவர்களுக்கும் குறைகள் உண்டு. மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத காரணத்தால் 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கொள்கையில் வேறுபாடு இருந்தால் அரசுகள் வாதாடட்டும். நடப்பிலிருக்கும் பள்ளியின் பணத்தை அந்த வாதத்துக்குப் பிணையாக வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

2025 செப்டம்பர் 21 வரை பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கே 12 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டினோம், இப்போது அது நீங்கிவிட்டது. ஆனாலும் சோப்புக்கும் செருப்புக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே பள்ளியின் கணக்கைக் கேட்பதற்குப் பெற்றோர் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதை அந்தக் குழுவின் கடமையாகவே வைத்திருக்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பும் 22ஆம் பிரிவின்படி அதே குழுவுக்குத்தான். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தறிக்கு ஓடுகிற தாய்மாரிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்லிவருகிறேன். சிலர் உட்கார்ந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியரிடம் கணக்குப் பலகை பற்றிப் பேசினேன். “எனக்கும் அது நல்லதுதாம்மா. மண்டல அலுவலகத்துக்கு நான் எழுதினால் ஒரு கடிதம், குழு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் அதுக்கு வேற மதிப்பு” என்றார். வரும் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வைக்கிறோம்: எங்கள் பிள்ளைகளின் பெயரால் பிடித்த தொகையில் இந்தப் பள்ளிக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று நுழைவாயில் அருகே தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைப்பது, நின்றுபோன வகுப்பறைக்குக் கூரை போட அந்தத் தொகையைப் பயன்படுத்த அனுமதி கேட்பது, தமிழ்வழி ஆசிரியர் வரும்வரை தற்காலிகமாக ஒருவரை அமர்த்தக் கோருவது. தெலுங்குப் படியை என் மகள் எழுதித் தந்திருக்கிறாள். தலைமையாசிரியர் பார்த்துத் திருத்திக் கொடுத்ததும் தாய்மாரிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குவோம்.