குறை சொல்லாத வார்டு

வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் செவிலியராகச் சேர்ந்த முதல் குளிர்காலம். இடுப்பு அறுவை முடிந்த முதியவரிடம் இரவுப் பணியில் மூன்று முறை போய், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூன்று முறையும் "மஸ்ட்ன்ட் கிரம்பிள், லவ்" என்றார். குறை சொல்லக் கூடாதும்மா என்று அர்த்தம். 'வலி இல்லை' என்று எழுதிவிட்டேன்.

விடிகாலையில் வந்த மூத்த சிஸ்டர் அவரை இருமச் சொன்னார். இருமினார், கட்டில் கம்பியைப் பற்றிய விரல்கள் வெளுத்துப் போயின. அப்போதும் வலி பத்துக்கு 4 என்றுதான் சொன்னார். சிஸ்டர் அதை நம்பாமல் மருந்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் தூங்கினார். இரவு முழுக்க அவரை அப்படிக் கிடக்க விட்டேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

மதுரையில் வேலை பார்த்தபோது "ஐயோ, அம்மா" என்ற குரலை வைத்தே வலியைக் கணித்துவிடுவேன். இங்கே அந்தக் குரலே எழவில்லை.

சிஸ்டர் எனக்கு ஒரு நகைச்சுவைப் புத்தகத்தைக் கொடுத்தார். ஹங்கேரியில் பிறந்து 1938-இல் பத்திரிகையாளராக லண்டன் வந்த ஜார்ஜ் மிகேஷ் 1946-இல் எழுதிய 'ஹவ் டு பி அன் ஏலியன்'. அதில் வரும் ஆங்கிலேய இளைஞன் காதலியின் முதுகில் தட்டி, உன்மேல் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்கிறான். அவனுக்கு அதுதான் காதல் மொழி! படித்ததும் என் முதியவரின் 4 நினைவுக்கு வந்தது.

பிறகு ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' (1889) என்ற ஆங்கில நகைச்சுவை நாவலைப் படித்தேன். கதை சொல்பவன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மருத்துவ நூலைப் புரட்டி, முழங்கால் வீக்கம் ஒன்றைத் தவிர எல்லா நோயும் தனக்கு இருப்பதாக முடிவு கட்டுகிறான். நானும் சிரித்தேன். இரண்டாம் முறை படிக்கையில்தான், யாரைப் பார்த்து இந்த ஊர் சிரிக்கிறது என்று யோசித்தேன். தன் உடம்பைப் பற்றிப் புலம்புகிறவனைப் பார்த்து. அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர் எண்பது வயதில் என்னிடம் எப்படி வாய் திறப்பார்?

இப்போது நான் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. புரண்டு படுக்க முடிகிறதா, தேநீர்க் கோப்பை கைக்கு எட்டுகிறதா என்று கேட்கிறேன், முகத்தைப் பார்த்துக்கொண்டே. கேரளத்திலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு சிஸ்டர் தந்த அந்தப் பழைய புத்தகத்தைக் கொடுத்து, முதல் இரவுப் பணிக்கு முன் படிக்கச் சொல்கிறேன்.