தகடு ஏன் உப்பவில்லை?

கார் கூரையின் உட்புறத்தில் இருக்குமே, கண்ணாடி இழையும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கும் சேர்ந்த எடை குறைந்த நுண்துளைத் தகடு, அதை ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். இழையையும் பிளாஸ்டிக் பொடியையும் தண்ணீரில் கலக்கி, வலையில் வடித்து, உலர்த்தி, சூடாக்கி அழுத்த வேண்டும். அழுத்திய தகட்டை மறுபடி சூடாக்கினால் அது தானாக உப்பும்.

வெறும் தண்ணீரில் முதல் முயற்சி வீணானது. பொடி மிதந்தது, இழை கொத்துக் கொத்தாக அடியில் தங்கியது. நுரை தரும் திரவம் சேர்த்துக் கலக்கியதும் இரண்டும் நுரைக்குள் அந்தரத்தில் நின்றன. சரி, நன்றாகவே கலந்துவிடுவோம் என்று மிக்சரை வேகமாக, நெடுநேரம் ஓட்டினேன்.

பார்க்க அழகான தகடு. ஆனால் 200 டிகிரி செல்சியஸில் மறுபடி சூடாக்கியபோது, 4 மி.மீ. தடிமன் எதிர்பார்த்த இடத்தில் 2 மி.மீ.கூட வரவில்லை. பிளாஸ்டிக் போதுமான அளவு உருகவில்லை என்று நினைத்து சூட்டை ஏற்றினேன். தகடு மஞ்சளித்து நாறியதுதான் மிச்சம்.

உப்ப வைப்பது பிளாஸ்டிக் இல்லை, இழை. அழுத்தும்போது ஒன்றன்மேல் ஒன்று வளைந்து கிடக்கும் இழைகளை இறுகிய பிளாஸ்டிக் பிடித்து வைக்கிறது. அது உருகிப் பிடி தளர்ந்ததும் இழைகள் நிமிர்கின்றன. படித்துத் தெரிந்த விஷயம்தான், இருந்தும் இழையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஒரு துண்டை உலையில் எரித்தேன். பிளாஸ்டிக் போய், வெள்ளை வெளேரென்று இழை மட்டும் தகட்டின் வடிவத்திலேயே மிஞ்சியது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புத் தாளில் வைத்து அளந்தேன். போட்டது 12 மி.மீ. இழை, இருந்ததில் பெரும்பாலானவை 4 மி.மீ.கூட இல்லை. எரித்த இழை சட்டென்று ஒடியும் என்பதால், நான்தான் ஒடிக்கிறேனோ என்று கலக்காத இழையையும் எரித்துப் பார்த்தேன். அது முழுசாக இருந்தது. மிக்சர் பிளேடுதான் நறுக்கியிருக்கிறது. குட்டை இழை அவ்வளவாக வளையாது, அதனால் நிமிர்ந்து தகட்டைத் தூக்கவும் முடியாது.

அப்புறம் மழுங்கிய பிளேடு, குறைந்த வேகம். நுரை எழும்பிய பிறகே இழையைப் போட்டு, கொத்து பிரிந்ததும் நிறுத்தினேன். அடுத்த தகடு கண்ணெதிரே மெல்ல எழும்பி 4 மி.மீ.யைத் தாண்டியது. அதற்குமேல் அமுங்காதபடி ஓரத்தில் 4 மி.மீ. கட்டை வைத்து அழுத்தி ஆறவிட்டேன். தகடு சதுர மீட்டருக்கு 1 கிலோ, இழையும் பிளாஸ்டிக்கும் எடையில் சரிபாதி. காற்றே இல்லாவிட்டால் இது முக்கால் மி.மீ. தடிமன்தான் வரும், அதாவது தகட்டில் ஐந்தில் நான்கு பங்கு காற்று. வெட்டிய விளிம்பை லென்ஸில் பார்த்தால், இழைகள் குறுக்கிடும் இடங்களில் பிளாஸ்டிக் குட்டி முடிச்சாக உறைந்திருந்தது.

இப்போதெல்லாம் தகடு சரியாக உப்பாவிட்டால், சூட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு துண்டை எரித்து இழையை அளந்துவிடுகிறேன்.