ஈயத்தை பாக்டீரியா தின்னாது

எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் முதல் வருடம். இன்டர்னல் தேர்வில் 16 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: பழைய பேட்டரி ஆலை இருந்த இடத்து மண்ணில் ஈயம் கலந்திருக்கிறது, எப்படிச் சீரமைப்பீர்கள்? நோட்ஸில் இருந்த பதினோரு முறைகளையும் வரிசையாக எழுதித் தள்ளினேன். போகிற போக்கில் 'பாக்டீரியாக்கள் ஈயத்தைச் சிதைத்துவிடும்' என்றும் எழுதியிருந்தேன். நான்கு பக்கத்துக்குக் கிடைத்தது 5. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த மேடம் திட்டவில்லை. "தின்னுட்டு ஈயம் எங்கப்பா போகும்?" என்று மட்டும் கேட்டார்.

ஈயம் ஒரு தனிமம். அதை உடைக்க முடியாது. டீசல், பென்சீன் போன்ற கரிமப் பொருள்களைத்தான் நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக மாற்றும். உலோகம் என்றால் வெளியே எடுக்கலாம், நகராமல் கட்டிப்போடலாம், தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாற்றலாம். அவ்வளவுதான். இந்த ஒரு பிரிவினை புரிந்ததும் என் பதினோரு முறைகளில் பாதி தானாகவே கழன்றுவிட்டது.

அதனால் ஜூனியர்களுக்கு நான் சொல்வது: முறைகளை மனப்பாடம் செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். மாசு எங்கே இருக்கிறது, எந்த வழியாக நகர்கிறது, யாரைப் போய்ச் சேர்கிறது? மூலம், பாதை, பாதிக்கப்படுபவர் என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலே ஆபத்து குறையும். மண்ணைத் தொடாமல் மேலே களிமண் மூடி போடுவதுகூட ஒரு விடைதான். ஏன் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.

ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடப்பதைப் படித்திருப்பீர்கள். அங்கே முக்கியமான விஷயம் அளவு அல்ல, வடிவம். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு கூடவே ஓடும், நச்சும் அதிகம். மூன்று இணைதிறன் குரோமியம் நடுநிலையான தண்ணீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்து நின்றுவிடும். ஃபெரஸ் சல்ஃபேட் போட்டு ஒன்றை இன்னொன்றாக்குவது இதற்குத்தான். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் கதை வேறு. அங்கே மண்ணில் கலந்தது பாதரசம். அது சுமார் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால் மண்ணைச் சூடாக்கிப் பிரித்தெடுக்கலாம். அங்கே பெரிய சண்டை, எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்பதில். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு போதாது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று போராடியவர்கள் கேட்டார்கள். அந்த எண் வெறும் வேதியியல் அல்ல. நாளை அந்த நிலத்தில் வீடு வருமா, தொழிற்சாலை வருமா, பக்கத்தில் காடு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாதது 'பம்ப் அண்ட் ட்ரீட்'. மாசுபட்ட நிலத்தடித் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஏன் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்? விடை எங்கள் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. அம்மா காலியான மாங்காய் ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். வாசனை போயே போச்சு. தண்ணீர் ஊற்றி மூடி வைத்தோம். மறுநாள் திறந்தால் மறுபடியும் ஊறுகாய் வாசனை. மண்ணிலும் இதுதான் நடக்கிறது. களிமண் அடுக்குக்குள் ஊறிப்போன மாசு, பம்பை நிறுத்தியதும் மெல்லக் கசிந்து வெளியே வரும். இதைத்தான் 'ரீபவுண்ட்' என்கிறார்கள். டிரைகுளோரோஎத்திலீன் (உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கரைப்பான்) மாதிரி தண்ணீரைவிடக் கனமான திரவமாக இருந்தால் இன்னும் மோசம். பெட்ரோல் நீர்மட்டத்தில் மிதக்கும். டிரைகுளோரோஎத்திலீனோ நீர்மட்டத்தையும் தாண்டி அடிவரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

சரி, கணக்குக்கு வருவோம். கேட் (GATE) என்ற பொறியியல் நுழைவுத் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. நிலத்தடி மாசு ஒரு கிணற்றுக்கு எப்போது வந்து சேரும் என்ற இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். மண்ணின் நீர் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.004, நுண்துளை விகிதம் 0.4. முதல் இரண்டையும் பெருக்கினால் 0.04. நான் ஒவ்வொரு முறையும் இங்கேயே நிறுத்திவிடுவேன். அது டார்சி வேகம்தான், அதாவது மண் துகள்களையும் சேர்த்து முழுக் குறுக்குவெட்டுக்கும் போட்ட கணக்கு. தண்ணீர் உண்மையில் துளைகள் வழியாகத்தானே போகிறது? 0.4-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.1 மீட்டர், வருடத்துக்கு 36.5 மீட்டர். அப்புறம் தாமதக் காரணி, அதாவது மண்ணில் ஒட்டிக்கொள்வதால் மாசு தண்ணீரைவிட எத்தனை மடங்கு மெதுவாக நகரும் என்ற எண்: மண்ணின் உலர் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராம், பங்கீட்டுக் குணகம் (மாசு தண்ணீரைவிட மண்ணில் எவ்வளவு ஒட்டும் என்பது) கிராமுக்கு 2 மி.லி. என்றால், 1.6-ஐ 0.4-ஆல் வகுத்து, 2-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 9. 73 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்குத் தண்ணீர் 2 வருடத்தில் போய்ச் சேரும். மாசு வர 18 வருடம். இன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு 'சுத்தம்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள்.

இந்தக் கணக்குகளைக் கைக் கால்குலேட்டரில் போட்டுப் பழகாதீர்கள். கேட் தேர்வில் திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால்தான் அழுத்த வேண்டும். அதற்கே இரண்டு வாரம் பழக்கம் தேவைப்பட்டது எனக்கு.