பட்டனை அழுத்தும் முன்பே ஓடிய ஃபங்ஷன்

நான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டது பைத்தான் என்ற நிரல்மொழியில். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கு, கூட்டு, விடையைக் காட்டு, அவ்வளவுதான். முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரியில் முடியும். நடுவில் பயனர் ஏதாவது தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் நிரல் அந்த வரியிலேயே நின்று காத்திருக்கும். அடுத்து எந்த வரி ஓடும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். ஒரு வருடம் இப்படிப் பழகிய பிறகுதான் வெப் அப்ளிகேஷன் எழுத உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்ட வேலை சின்னதுதான். யாருக்கு எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தேன் என்று குறித்து வைக்கும் ஒரு பக்கம். மேலே ஒரு ஃபார்ம், கீழே பட்டியல், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘திரும்பி வந்தது’ என்று ஒரு பட்டன். பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் இரண்டும் சில நாட்களில் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் முதல் பட்டனுக்கு வேலை கொடுக்கப் போனபோதுதான் வண்டி நின்றது.

பக்கம் திறந்த உடனே ‘சேர்த்தாயிற்று’ என்ற செய்தி தானாக வந்தது. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிரௌசர் தன் செய்திகளைக் காட்டும் கன்சோலில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ஒரு நிகழ்வு (ஈவென்ட்) நடந்தால் எதை ஓட்டுவது என்று பிரௌசரிடம் பதிவு செய்யும் ஆட்ஈவென்ட்லிசனர் என்று எழுதி, கிளிக் என்று எழுதி, என் ஃபங்ஷனின், அதாவது நான் பெயர் வைத்த நிரல் துண்டின், பெயரையும் எழுதியிருந்தேன். மறுநாள் மாலைதான் கண்ணில் பட்டது: ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி. அடைப்புக்குறி போட்டால் ‘இதை இப்போதே ஓட்டு’ என்று பொருள். அது அங்கேயே ஓடி முடிந்து எதையும் திருப்பித் தராததால், பிரௌசர் கையில் கிடைத்தது வெறுமை. பெயரை மட்டும் கொடுத்தால்தான் ‘இதை வைத்துக்கொள், கிளிக் நடக்கும்போது கூப்பிடு’ என்று ஒப்படைப்பதாகும்.

அந்த இரண்டு எழுத்தை அழித்த பிறகு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எழுதிய ஃபங்ஷனை நான் கூப்பிடப் போவதில்லை. பிரௌசர்தான் கூப்பிடும். எப்போது, எத்தனை முறை, எந்த வரிசையில் என்பதெல்லாம் பயனரின் விரலில் இருக்கிறது. நிகழ்வுசார் நிரலாக்கம் என்ற சொல்லை அதற்கு முன் பலமுறை படித்திருந்தாலும், எனக்கு அது புரிந்தது அந்த அடைப்புக்குறியில்தான். அன்றிலிருந்து எந்த ஃபங்ஷனைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. ‘இது என்ன செய்கிறது’ என்பதற்கு முன்னால் ‘இதை யார், எப்போது கூப்பிடுவார்கள்’ என்று கேட்கிறேன்.

அடுத்து ஃபார்ம். விவரங்களை நிரப்பி அழுத்தினால் புது வரி ஒரு கணம் தோன்றி மறைந்தது. முகவரிப் பட்டையில் புத்தகத்தின் பெயர் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. ஃபார்மை அனுப்பும் வேலையைப் பிரௌசர் ஜாவாஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பிருந்தே செய்து வருகிறது. நாம் தடுக்காவிட்டால் அது தன் வழக்கப்படி தரவை அனுப்பிவிட்டுப் பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிடும். பிரிவென்ட்டிஃபால்ட் என்ற ஒரு வரி போதும் என்று தெரிந்தது. சரி, அதோடு விட்டுவிடலாம்.

நான் அதிக நாள் செலவழித்தது ஈவென்ட் லூப்பில், அதாவது காத்திருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் ஏற்பாட்டில். ஒரு ஃபங்ஷனைச் சற்று நேரம் கழித்து ஓட்டச் சொல்லும் செட்டைம்அவுட்டில் காத்திருக்கும் நேரம் 0 என்று கொடுத்தேன். பூஜ்யம் என்றால் உடனே நடக்க வேண்டும் அல்லவா? ஆனால் அதற்குக் கீழே எழுதிய வரிதான் முதலில் அச்சானது. காரணத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல், ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் 5 விநாடி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு லூப். அது சுற்றும்போது இன்னொரு பட்டனை மூன்று முறை அழுத்தினேன். பக்கம் கல்லாக உறைந்து கிடந்தது. ஐந்து விநாடி முடிந்ததும், அந்த மூன்று கிளிக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

கிளிக்குகள் தொலையவில்லை, வரிசையில் நின்றிருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். கையில் இருப்பதை முழுவதுமாக முடித்த பிறகே வரிசையில் அடுத்ததை எடுக்கும். செட்டைம்அவுட்டில் 0 என்பது ‘இப்போதே ஓடு’ என்பதல்ல, ‘இப்போதே வரிசையில் போய் நில்’ என்பதுதான். அப்புறம், பின்னால் வரப்போகும் விடைக்கு இடம்பிடித்து வைக்கும் பிராமிஸ் வந்தபோது, அதற்கென்று தனி வரிசை இருப்பதும், கையிலுள்ள வேலை முடிந்ததும் அந்த வரிசை முழுவதும் காலியான பிறகே செட்டைம்அவுட்டின் முறை வருவதும் தெரிந்தது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஓடிக்கொண்டிருப்பது, பிராமிஸ் வரிசை, பொது வரிசை என்று எழுதி, சின்னச் சின்ன நிரல்களைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். என்ன அச்சாகும் என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு கன்சோலில் சரிபார்ப்பேன். ஒரு வாரத்தில் தவறுகள் குறைந்துவிட்டன. புதிதாகக் கற்பவர்கள் யார் கேட்டாலும் இந்த நோட்டு வேலையைத்தான் முதலில் சொல்வேன்.

பட்டியல் வளர ஆரம்பித்ததும் இன்னொரு சிக்கல். பக்கம் திறக்கும்போதே இருந்த வரிகளில் ‘திரும்பி வந்தது’ பட்டன் வேலை செய்தது, புதிதாகச் சேர்த்த வரிகளில் செய்யவில்லை. லிசனரைப் பொருத்திய நேரத்தில் அந்தப் பட்டன்கள் பிறக்கவே இல்லை. தீர்வு, பட்டன்களை விட்டுவிட்டு அவை எல்லாவற்றுக்கும் தாயான பட்டியலில் ஒரே ஒரு லிசனரை வைப்பது. பட்டனில் நடந்த கிளிக் அங்கேயே நிற்காமல் மேலே மேலே ஏறி வரும். பட்டியல் அதைப் பிடித்து, எந்தப் பட்டனிலிருந்து வந்தது என்று டார்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். இது மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதில் அன்று பிரௌசர் தயாரித்த நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் ஆளுக்கொரு முறை வைத்திருந்தன என்றும், 2000-இல் வந்த தரநிலை இரண்டையும் சேர்த்துக்கொண்டது என்றும் பின்னர் படித்தேன். ஆட்ஈவென்ட்லிசனரின் மூன்றாவது இடத்தில் ட்ரூ, ஃபால்ஸ் என்று எதற்குக் கொடுக்கிறார்கள் என்ற என் நெடுநாள் கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது: எந்தத் திசையில் போகும்போது பிடிப்பது என்று சொல்லத்தான்.

இதற்குப் பிறகு சர்வர் பக்கம் போனேன். அது வேறு உலகம் என்று பயந்திருந்தேன், ஆனால் பழகிய முகமாகத்தான் இருந்தது. 2009-இல் ரையன் டால் உருவாக்கிய, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இலும் இதே ஈவென்ட் லூப்தான். ‘இந்த முகவரிக்குக் கோரிக்கை வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். அங்கே கிளிக், இங்கே கோரிக்கை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிரௌசரில் ஒருவர்தான் அழுத்துவார், சர்வரை எல்லாரும் தட்டுவார்கள். நான் பட்டியலைச் சர்வரில் ஒரு சாதாரண மாறியில் வைத்திருந்தேன். நண்பர் ஒருவர் சோதித்துப் பார்க்கத் திறந்தபோது என் பட்டியல் அவருக்கும் தெரிந்தது. அவர் ஒரு வரியை நீக்கினார், எனக்கும் போய்விட்டது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் எல்லாமே காலி.

பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வருவது போலத்தான். அந்தக் குறையைப் போக்க 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி கொண்டுவந்ததுதான் குக்கி, அதாவது சர்வர் கொடுத்துப் பிரௌசர் வைத்திருக்கும் சிறு குறிப்பு. ‘குக்கிகளை ஏற்கிறீர்களா’ என்று கேட்கும் பெட்டியை எத்தனையோ முறை மூடியிருக்கிறேன். அது எதற்காகப் பிறந்தது என்பதை என் பட்டியலை இழந்த பிறகுதான் உணர்ந்தேன். ஆளை அடையாளம் காணக் குக்கி, தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் என்று மாற்றினேன்.

என்னை அதிகம் சோதித்தது தேடல் பெட்டி. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் சர்வருக்கு ஃபெட்ச் வழியாக ஒரு கோரிக்கை போகும், வரும் விடையைத் திரையில் காட்டுவேன். வேகமாகத் தட்டினால் சில சமயம் தவறான விடை நின்றது. பத்து முறை செய்தால் ஒரு முறைதான் வரும் பிழை. பிரௌசரின் நெட்வொர்க் பகுதியில் பார்த்தபோது தெரிந்தது: முதலில் அனுப்பிய கோரிக்கையின் விடை, பின்னால் அனுப்பியதன் விடைக்கும் பிறகு வந்து சேர்ந்து, சரியானதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அனுப்பிய வரிசையில்தான் விடைகள் வரும் என்று எங்கும் உத்தரவாதம் இல்லை. மேலிருந்து கீழே ஓடும் நிரலின் மிச்சம் இன்னும் என் மனதில் இருந்ததால்தான் அந்த நம்பிக்கை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கான விடையை மட்டும் ஏற்கும்படி எழுதினேன். கூடவே தட்டுவது நின்று 300 மில்லிவிநாடி கழிந்த பிறகே கோரிக்கை போகும்படி வைத்தேன். கிடைக்காத முகவரிக்குச் சர்வர் 404 என்று சொன்னாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது, ஓகே என்ற பண்பை நாம்தான் பார்க்க வேண்டும் என்பதும் இதே வாரத்தில் கற்றது.

இத்தனையும் ரியாக்ட் போன்ற ஆயத்த நிரல் தொகுப்பு எதுவும் இல்லாமல் எழுதியவை. தொடக்கத்திலேயே அவற்றுக்குப் போயிருந்தால் வேகமாக முடித்திருப்பேன், ஆனால் இந்தப் பிழைகளில் பாதி எதனால் வந்தன என்பதே தெரிந்திருக்காது. ஒரு அப்ளிகேஷனையாவது முழுக்கக் கையால் எழுதிப் பார்ப்பது அவசியம் என்பது என் உறுதியான எண்ணம்.

போன வாரம் வரை ஒரு குறை பாக்கி இருந்தது. பக்கத்தை இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்து, ஒன்றில் ‘திரும்பி வந்தது’ என்று அழுத்தினால் மற்றதற்குத் தெரியாது. இதுவரை பிரௌசர் கேட்கும், சர்வர் சொல்லும். இப்போது சர்வர் தானாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஈவென்ட்சோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது: பிரௌசர் ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்க, சர்வர் செய்தி அனுப்பும்போதெல்லாம் அது ஒரு ஈவென்ட்டாக வந்து சேரும். பெயரைப் பார்த்ததும் எழுதத் துணிவு வந்தது. நேற்று இரவு இடப்பக்க ஜன்னலில் பட்டனை அழுத்தினேன், வலப்பக்க ஜன்னலில் அந்த வரி தானாக மறைந்தது.