போலந்துக்குத் திரும்பும் முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த நாடான போலந்துக்கே திரும்புகிறவர்கள், பெட்டி கட்டும் முன் தாள்களைச் சேர்த்துவிட வேண்டும்.

முதலில் வரி. 2021-க்குப் பிறகு திரும்பியவர்களுக்கு 'உல்கா நா பொவ்ரூத்' (திரும்பி வருவோருக்கான வரிச் சலுகை) என்ற சலுகை உண்டு. ஆண்டுக்கு 85,528 ஸ்லோட்டி வரையிலான சம்பளத்துக்கு, தொடர்ந்து 4 ஆண்டுகள் வருமான வரி இல்லை. திரும்பிய ஆண்டிலிருந்தோ அடுத்த ஆண்டிலிருந்தோ கணக்கைத் தொடங்கலாம். ஆண்டு நடுவில் வருகிறவர்களுக்கு அடுத்த ஆண்டே லாபம்.

சிக்கல் வருவது சான்றில்தான். திரும்புவதற்கு முந்தைய 3 முழு ஆண்டுகளும், திரும்பிய ஆண்டில் வந்து சேரும் நாள்வரையும் போலந்தில் வரிக் குடியிருப்பு (வரிக் கணக்கில் அந்நாட்டில் வசிப்பவர் என்ற நிலை) இருந்திருக்கக் கூடாது. குடும்பம் போலந்திலேயே இருந்திருந்தால் இங்கேதான் கேள்வி எழும். வேலை பார்த்த நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு தபாலில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. முதலாளியிடம் எழுத்துமூலம் தெரிவித்தால் மாதச் சம்பளத்திலேயே வரிப் பிடித்தம் நிற்கும். இல்லாவிட்டால் ஆண்டுக் கணக்கில் திரும்பப் பெறலாம்.

மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத துணையும் பிள்ளைகளும் தாமாகச் சேர மாட்டார்கள். அவர்களையும் பதியும்படி முதலாளியிடம் சொல்லுங்கள். வேலை இல்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் காப்பீடு கிடைக்கும்.

வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்போடு போலந்துப் பதிவேட்டில் ஏற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.