ஆவணி வரைக்கும் நேரம் இருக்கிறது

டிசம்பர் 29, 2025. செங்கோட்டை

மளிகைக் கடையில் தினசரிக் காலண்டர் கொடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஆளாளுக்கு, "இந்த வருசம் என்ன சபதம்?" பக்கத்து மேசைக்காரர் பத்து கிலோ குறைக்கப் போகிறாராம். முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குச் சபதமெல்லாம் இல்லை. ஓர் ஆசை உண்டு. கேரளா பஸ் போர்டை யாரிடமும் கேட்காமல் வாசிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. மலையாளம் பேசினால் முக்கால்வாசி புரிந்துவிடும், எழுத்துதான் தெரியாது.

ஜனவரி 1, வியாழன்

ஆச்சிக்கு போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். "எந்த வருசத்துக்குட்டி?" என்றாள்.

நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் வருசம் ஒரு தடவையா பிறக்கிறது? சித்திரை ஒன்று நமக்கு. அதையொட்டியே மலைக்கு அந்தப் பக்கம் விஷு, கணி காண்பது. கேரளத்துக் கொல்லம் ஆண்டு மாறுவதோ ஆகஸ்ட் நடுவில், நம் ஆவணிப் பிறப்பில். அவர்களுக்கு அது சிங்க மாசம். இப்போது நடப்பது 1201, அதில் ஐந்தாம் மாதம்தான் ஓடுகிறது. ஜனவரி நழுவினால் சித்திரை, அதுவும் போனால் ஆவணி. முதல் தேதியே மூச்சிரைக்க ஓடுவானேன்?

ஜனவரி 6

தம்பி என் போனில் மலையாள எழுத்துப் படிக்க ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். ராத்திரி ஒன்பதரைக்கு, "இன்று நீங்கள் பயிற்சி செய்யவில்லை" என்று அதட்டுகிறது. வீட்டில் அதட்ட ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தூக்கிவிட்டேன். நோட்டும் பென்சிலும் போதும், தோன்றும்போது எழுதலாம்.

ஜனவரி 11, ஞாயிறு

'கொல்லம்' என்று எழுதிப் பார்த்தேன். நம் 'கொ' மாதிரியே முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். நடுவில் 'ல்ல' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாய் நிற்கின்றன. கடைசி 'ம்' வெறும் குட்டி வட்டம், அவ்வளவுதான்! 'ட' மட்டும் ஆங்கில எஸ் மாதிரி வளைந்து கிடக்கிறது, இன்னும் கைக்குப் பழகவில்லை. சாயங்காலம் முழுக்க இந்த ஒரு சொல்லோடு போயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜனவரி 15

பொங்கல். நேற்று மகரவிளக்கு, புளியரை ரோட்டில் சாமிமார் வண்டிகள் விடிய விடிய. நோட்டைத் தொடவில்லை. பனங்கிழங்கு, கரும்பு, தூக்கம்.

ஜனவரி 24, சனி

ஆச்சிக்கு ஆரியங்காவு கோயிலுக்குப் போகவேண்டும். பஸ் ஸ்டாண்டில், "படிக்கியாமே, எந்த வண்டின்னு சொல்லு பாப்போம்" என்றாள். ஒரு போர்டை எழுத்துக் கூட்டினேன். பு... ன... 'லூ'விலேயே நின்றேன். அதற்குள் கண்டக்டர், "ஆரியங்காவு, தென்மலை, புனலூர்!" என்று கூவிவிட்டார். ஆச்சி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் சத்தம் போடாம இருந்தா நீ வாசிச்சிருப்ப" என்றாள். கிண்டலா, நிஜமாகத்தான் சொன்னாளா தெரியவில்லை. டிக்கெட் எடுக்கிற மும்முரத்தில் கேட்கவும் மறந்துவிட்டேன்.