சீழ் இல்லன்னா இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு நினைச்சிடாதீங்க: நர்சிங் பிள்ளைங்களுக்கு

நர்சிங் படிக்கிற பிள்ளைங்ககிட்ட இன்ஃப்ளமேஷன்னா என்னன்னு கேட்டா உடனே வர்ற பதில், இன்ஃபெக்‌ஷன். இத முதல்ல பிரிச்சு வச்சுக்கணும். கிருமி உள்ள வந்து பெருகுறது இன்ஃபெக்‌ஷன், அதுக்கோ வேற எந்த அடிக்கோ உடம்பு பதிலுக்கு செய்யுற வேலை இன்ஃப்ளமேஷன். கணுக்கால் பிசகி வீங்கினா அங்க கிருமி எங்க இருக்கு? வார்டுலயே பாருங்க, பொட்டாசியம் க்ளோரைடு ஓடுன வென்ஃப்ளான் (ட்ரிப் ஏத்த கைல போடுற ஊசிக்குழாய்) சைட்ல சிவந்து போய் ரத்தக்குழாய் தடிச்சு தொட்டாலே பேஷண்ட் கைய இழுத்துக்குவாரு, அது பெரும்பாலும் மருந்து ரத்தக்குழாய எரிச்சதால வர்ற ஃப்ளெபைட்டிஸ், அதுக்கு முதல் வேலை மருந்த நிறுத்தி வென்ஃப்ளான எடுத்துட்டு வேற கைல போடுறது, டாக்டர்கிட்ட சொல்லி சார்ட்ல எழுதுறது. ட்ரிப்ப மெதுவாக்கிட்டு அதே லைன்லயே ஓட்டுறது தப்பு.

சிவப்பு, வீக்கம், சூடு, வலி, இந்த நாலையும் ரோமாபுரில செல்சஸ்ங்கறவர் முதலாம் நூற்றாண்டுலயே எழுதி வச்சுட்டாரு. எக்ஸாமுக்கு நாலையும் மனப்பாடம் பண்ணிடுவீங்க, ஆனா ஒவ்வொண்ணும் ஏன் வருதுன்னு தெரிஞ்சாத்தான் வார்டுல உதவும். திசு அடிபட்டதும் திசுவுல இருக்கிற மாஸ்ட் செல் ஹிஸ்டமின்ங்கற ரசாயனத்த விடுது, சின்ன ரத்தக்குழாய்லாம் விரியுது, ரத்தம் அதிகமா வர்றதால சிவப்பும் சூடும். குழாய் சுவர்ல இடைவெளி விழுந்து பிளாஸ்மா வெளிய கசியுது, அதான் வீக்கம். பிராடிகைனின், ப்ராஸ்டாகிளாண்டின்ங்கற ரசாயனங்க நரம்பு முனைய தூண்டி விடுறதாலயும் வீக்கம் அழுத்துறதாலயும் வலி. அந்த இடைவெளி வழியா முதல் சில மணி நேரத்துல நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு நுழையும், ஒண்ணு ரெண்டு நாள்ல கிருமிய விழுங்குற இன்னொரு செல், மேக்ரோஃபேஜ், வந்து சேரும். கிருமிய தின்னு செத்துப்போன நியூட்ரோஃபில், கரைஞ்ச திசு, கிருமி எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். இத நல்லா மனசுல வாங்கிக்கோங்க, சீழ் வரணும்னா நியூட்ரோஃபில் இருக்கணும்.

காய்ச்சலும் இதோட தொடர்ச்சிதான். இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப்.னு இந்த செல்லுங்க விடுற சிக்னல் எல்லாம் ரத்தத்துல போய், மூளையில ஹைப்போதலாமஸ் வச்சிருக்கிற டெம்பரேச்சர் அளவ ப்ராஸ்டாகிளாண்டின் மூலமா ஏத்திடும். அளவு மேல போயிடுச்சு, உடம்பு இன்னும் கீழ இருக்கு, அதனாலதான் 101 ஃபாரன்ஹீட் இருக்கறப்பவே பேஷண்ட் குளிருதுன்னு வெடவெடன்னு நடுங்குறாரு. அந்த நேரத்துல ஈரத்துணிய வச்சு ஒத்தடம் கொடுத்தா நடுக்கம் இன்னும் கூடும், போர்வை கொடுங்க, ஆர்டர் இருந்தா பாராசிட்டமால் கொடுங்க, அது ப்ராஸ்டாகிளாண்டின குறைச்சு அந்த அளவையே இறக்குது. வேர்க்க ஆரம்பிச்சா அளவு இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அப்ப போர்வைய எடுத்து துணிய மாத்தி விடுங்க.

கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும்னு நம்ம பாட்டிங்க எல்லாருக்குமே தெரியும். அந்த நெறி வேற ஒண்ணும் இல்ல, லிம்ஃப் நோடு. புண்ணுல இருந்து கிருமியோட துண்ட டென்ட்ரிட்டிக் செல்ங்கற காவல் செல் அங்க தூக்கிட்டுப் போய் டி செல்லுக்கு காட்டுது, பொருந்துற டி செல்லும், ஆன்டிபாடி செய்யுற பி செல்லும் அங்க பெருகுது, அதான் வீங்குது. இன்னேட்ல (பிறவியிலயே இருக்கிற பொது எதிர்ப்பு) இருந்து அடாப்டிவ் (கிருமிய அடையாளம் கண்டு உருவாகுற எதிர்ப்பு) இம்யூனிட்டிக்கு கை மாறுற இடம் அது, நம்ம விரலுக்கே தட்டுப்படுது. புண்ண மட்டும் பாத்துட்டு வராம நெறியையும் தொட்டுப் பாருங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்த அறிகுறி இருந்தா யாரும் கவனிச்சிடுவாங்க, இல்லாம போறப்பதான் நர்ஸ் வேணும். கீமோ முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல இருக்கிற பேஷண்ட எடுத்துக்கோங்க, டோட்டல் கவுண்ட் (ரத்தத்துல வெள்ளணு எண்ணிக்கை, அதான் டபிள்யூ.பி.சி.) 1,200, அதுல நியூட்ரோஃபில் 30 சதவீதம்னா கணக்கு வெறும் 360, 500க்கு கீழ போனாலே ரொம்ப ஆபத்து. அவருக்கு சீழ் எங்கிருந்து வரும்? சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல போட்ட குழாய்) சைட் சுத்தமா இருக்கும், எக்ஸ்ரேயும் நல்லா இருக்கலாம், காய்ச்சல் மட்டும்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலோ 38 ஒரு மணி நேரம் நின்னாலோ அடுத்த ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்கக்கூடாது, உடனே டாக்டர கூப்பிடணும், கல்ச்சர் எடுத்து 1 மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் உள்ள போகணும். இந்த பேஷண்டுக்கு ஆசனவாய் வழியா தெர்மாமீட்டரும் வேண்டாம், எனிமாவும் வேண்டாம்.

ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களும் இப்படித்தான், காய்ச்சலும் வலியும் அமுங்கிப் போகும், குடல் ஓட்டையானா கூட வயிறு இறுகாம மென்மையா இருக்கலாம், இதுக்கு நடுவுல இன்ஃபெக்‌ஷனே இல்லாம டபிள்யூ.பி.சி. கவுண்ட் ஏறியும் இருக்கும். சுகர் பேஷண்டுக்கு நரம்பு மரத்துப் போயிருந்தா வலிங்கற ஒண்ணு வரவே வராது, அதனால செருப்ப கழட்டச் சொல்லி உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் கண்ணால பாருங்க, கால்ல ஏதும் பிரச்சனையான்னு வாயால கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. வயசானவங்களுக்கு காய்ச்சலே இல்லாம இருக்கலாம், "நேத்துல இருந்து அப்பா ஒரு மாதிரி பேசுறாரு, சாப்பிடல"ன்னு மக சொன்னா அத சாதாரணமா விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, புக்ல இருக்கிற படம் பெரும்பாலும் வெள்ளத்தோல்தான். நம்ம ஆளுங்க தோல்ல சிவப்பு அப்படித் தெரியாது, சுத்தி இருக்கிற இடத்தவிட கருத்தோ ஊதா பூத்தோ, தோல் இழுத்து மினுமினுன்னோ இருக்கும். புறங்கைய வச்சு அந்த கால் இந்த கால்னு ரெண்டையும் மாத்தி மாத்தி தொட்டுப் பாருங்க, சூட்டு வித்தியாசம் கையிலயே தெரியும்.

மேண்டூ டெஸ்ட் (டி.பி. கிருமிக்கு பாக்குற தோல் டெஸ்ட்) படிக்கிறப்பவும் இந்த சிவப்பு குழப்பும். 0.1 மில்லி தோலுக்குள்ள போட்டு 48ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள பாக்கணும், அளக்க வேண்டியது சிவப்ப இல்ல, தடிப்ப மட்டும்தான். பால்பாயின்ட் பேனாவ வெளிய இருந்து மெதுவா தடிப்ப நோக்கி இழுங்க, முட்டி நிக்கிற இடத்துல கோடு நிக்கும், எதிர்ப்பக்கம் இருந்தும் அதே மாதிரி இழுத்து நடுவுல அளங்க. அங்க வேலை செய்யுறது டி செல், அது வந்து சேர நாள் ஆகும். பெனிசிலின் அலர்ஜில ஐ.ஜி.ஈ.ங்கற ஆன்டிபாடி ஏற்கனவே மாஸ்ட் செல் மேல உக்காந்திருக்கு, அதனால சில நிமிஷத்துலயே பி.பி. விழுந்து மூச்சு இழுக்கும். அங்க முதல் மருந்து அட்ரினலின், பெரியவங்களுக்கு 0.5 மில்லிகிராம் தொடையோட வெளிப்பக்க தசையில. அவிலும் (அலர்ஜி மருந்து) ஹைட்ரோகார்ட்டிசோனும் (ஸ்டீராய்டு) அதுக்கு அப்புறம்தான்.

உடம்பே செய்யுற ஆக்டிவ் இம்யூனிட்டி, வெளிய இருந்து கொடுக்குற பேசிவ் இம்யூனிட்டி ரெண்டும் ஒரே ஆள்கிட்ட பாக்கணும்னா நாய்க்கடி ஓ.பி.ல நில்லுங்க. ஆழமான கடிக்கு தடுப்பூசியும் போடுறோம், இம்யூனோகுளோபுலினும் (ரெடிமேட் ஆன்டிபாடி) போடுறோம், எதுக்கு ரெண்டு? தடுப்பூசி போட்டு உடம்பு சொந்தமா ஆன்டிபாடி செய்ய ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் சமாளிக்க கைமாத்து வாங்குற மாதிரிதான் இம்யூனோகுளோபுலின், வேகமா கிடைக்கும், நிலைக்காது. அத காயத்துக்குள்ளயும் சுத்தியும்தான் போடணும், ஏன்னா வைரஸ் நரம்புக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி அங்கயே மடக்கணும். விரல்ல கடின்னா ரொம்ப வலிக்கும், பேஷண்ட் அழுவாரு, மனசு கேட்காதுதான், ஆனாலும் விட்டுடாதீங்க. அதுக்கும் முன்னாடி சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவ வைங்க, சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எது அப்பியிருந்தாலும் எல்லாம் போகட்டும்.

பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்ட குழந்தைங்களோட அம்மாங்க சில வாரத்துல பயந்துபோய் வருவாங்க, கைல கொப்புளம் வந்து உடைஞ்சிருக்கும். அது ஊசி வேலை செய்யுற அடையாளம்னு பொறுமையா சொல்லுங்க. ஆயின்மென்ட் வேண்டாம், பிதுக்க வேண்டாம், கட்டும் வேண்டாம், தானா ஆறி தழும்பாகும். அக்குள்ல நெறி கட்டி பெருசாகிட்டே போனாலோ அது பழுத்தாலோ மட்டும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.